பல்லை நகர்த்தக் கற்றல்

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று நம்மிடையே ஒரு பழமொழி வழங்கி வருகிறது. பல் வரிசையைத் திருத்தும் தொழிலில் ஈடுபட்டவன் என்ற முறையில் இப்பழமொழிக்கு ஒரு சிறு திருத்தம் சொல்ல விரும்புகிறேன். ஐம்பதிலும் வளையும், ஆனால் வளைப்பவனுக்கு வளைக்கத் தெரிந்திருக்க வேண்டும். அந்தத் தெரிவு எவ்வாறு வருகிறது, அதற்கு எத்தனை ஆண்டு பிடிக்கிறது, அது இல்லாமல் கை வைத்தால் என்ன நேரும் என்பவற்றையே இன்று நேயர்களிடம் எடுத்துச் சொல்லப் போகிறேன். கடைசியாகச் சொன்ன செய்திக்கு நானே சாட்சி.

என் ஊர் ஆம்பூர். பாலாற்றங்கரையில் இராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் தொழிலால் வாழும் ஊர்கள் அடுத்தடுத்து அமைந்திருப்பதை யாவரும் அறிவர். முன்னாளில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு தோலைப் பதனிட்டு அயல்நாடுகளுக்கு அனுப்பி வந்தார்கள். 1970-களில் மத்திய அரசு, பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுமை பெற்ற தோலுக்கும் தோற்பொருள்களுக்கும் ஊக்கம் அளித்தது. அதன் பின்னர் காலணித் தொழிற்சாலைகள் பெருகின. இன்று காலை வேளையில் ஆம்பூர் நெடுஞ்சாலையில் நின்று பார்த்தால், சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து ஷூ கம்பெனிக்குச் செல்லும் பெண்களை ஆயிரக்கணக்கில் காணலாம். என்னிடம் வரும் குழந்தைகளில் பலர் அவர்களுடைய மக்களே.

பல் வரிசையைத் திருத்துவதை எங்கள் ஊரில் 'கிளிப்பு போடுதல்' என்பார்கள். எடுப்புப் பல், தெத்துப் பல், ஒன்றன்மேல் ஒன்று ஏறிய பல் ஆகியவற்றைப் பெண்ணின் திருமணப் பேச்சு எழும் வரையில் யாரும் பொருட்படுத்துவதில்லை. அப்பேச்சு எழுந்ததும், ஆறு மாதத்தில் நேராக்கிவிட முடியுமா என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். இது அழகைப் பற்றிய செய்தி மட்டும் அன்று. முன்னே நீண்ட பல் விழுந்தால் முதலில் உடையும். நெருங்கிய பற்களிடையே அழுக்குத் தங்கி ஈறு கெடும். மேலும் கீழும் பொருந்தாத பற்களால் உணவை நன்றாக மெல்லுதல் இயலாது. எனினும் மக்கள் இதனைப் பொட்டு வைத்தல், பூச்சூட்டல் போன்ற ஓர் அலங்காரமாகவே எண்ணுகிறார்கள். அவ்வாறு எண்ணுவதனால்தான் இதனை யார் செய்தாலும் ஒன்றே என்ற நினைவும் வந்துவிடுகிறது.

அந்த நினைவு எனக்கும் ஒரு காலத்தில் இருந்தது. பல் வைத்தியப் பட்டம் பெற்று ஆம்பூர்க் கடைத்தெருவில் ஒரு சிறு மருத்துவ மனையைத் தொடங்கியிருந்தேன். பட்டப் படிப்பில் இத்துறை ஒரு பாடமாக இருந்ததே ஒழிய, ஒரு நோயாளிக்குத் தொடக்கம் முதல் முடிவு வரை கம்பி கட்டி முடித்த அனுபவம் எனக்குக் கிடையாது. அந்நிலையில் வெளியூர் ஒன்றில் சில நாள்கள் நடந்த ஒரு பயிற்சி வகுப்புக்குச் சென்றேன். உலோகப் பொட்டுகளைப் பல்லில் ஒட்டவும், அவற்றில் கம்பியைப் பூட்டவும் கற்றுக்கொண்டேன். அழகாக அச்சிட்ட ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள். அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினேன்.

அடுத்த மாதமே 13 வயதுச் சிறுமி ஒருத்தியை அவளுடைய பாட்டனார் அழைத்து வந்தார். அவர் பட்டைத் தொட்டிகளில் இளமை முழுவதையும் கழித்த பழைய தொழிலாளி. தாய் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைப்பவள். மேல் முன்பற்கள் வெளியே நீண்டிருந்தமையால் சிறுமிக்கு உதடு மூடவில்லை. பள்ளியில் பிள்ளைகள் கேலி செய்வதால் வாயைக் கையால் மறைத்துக்கொண்டே பேசினாள். நான் கற்றபடி, இரு புறமும் முன்கடைவாய்ப் பல் ஒவ்வொன்றைப் பிடுங்கச் செய்து, கிடைத்த இடைவெளிக்குள் முன்பற்களைப் பின்னிழுக்கத் தொடங்கினேன். விரைவில் முடிக்க வேண்டும் என்ற ஆவலில் சற்று வலுவாகவே இழுத்தேன். மாதந்தோறும் இடைவெளி குறைந்து வந்தது. தாயும் மகிழ்ந்தாள், நானும் மகிழ்ந்தேன்.

ஓராண்டுக்கு மேல் சென்றதும் இடைவெளி முழுதும் மூடிவிட்டது. ஆனால் முன்பற்கள் பெரும்பாலும் முன்பிருந்த இடத்திலேயே இருந்தன. உள்நோக்கிச் சாய்ந்திருந்தனவே அன்றிப் பின்னால் சென்றிருக்கவில்லை. நகர்ந்து வந்து இடத்தை விழுங்கியவை பின்னால் இருந்த கடைவாய்ப் பற்கள்! மேல் வரிசையும் கீழ் வரிசையும் முன்னைக் காட்டிலும் பொருத்தம் கெட்டுப் போயின. எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தபோது முன்பற்களின் வேர் நுனிகள் கரைந்து மழுங்கியிருந்தன. அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பிடுங்கிய பல்லைத் திரும்ப நட இயலாது. கரைந்த வேரை வளர்க்கவும் இயலாது.

அச்சிறுமியையும் அவள் பாட்டனாரையும் அழைத்துக்கொண்டு, சென்னையில் இத்துறையில் பேராசிரியராக இருந்த ஒரு பெரியவரிடம் சென்றேன். அவர் படங்களை நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னை வெளியே அழைத்துச் சென்று, "நகர வேண்டிய பற்களை எண்ணினீர்கள், நகரக் கூடாத பற்களை எண்ணினீர்களா?" என்று கேட்டார். என்னிடம் விடை இல்லை.

அந்தக் கேள்வியில் இத்துறையின் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது. ஒரு பொருளை நாம் இழுத்தால் அதுவும் நம்மை அதே வலுவோடு இழுக்கும் என்பது நியூட்டன் கண்ட விதி. முன்பல்லைப் பின்பல்லிலிருந்து இழுத்தால் பின்பல்லும் முன்னே வரத்தான் செய்யும். ஆற்றின் நடுவே படகில் நிற்பவன் மற்றொரு படகைக் கயிற்றால் இழுத்தால் இரண்டு படகும் நகரும். கரையில் மரத்தைப் பிடித்துக்கொண்டு இழுத்தால்தான் ஒன்று மட்டும் நகரும். அந்த மரத்தை வாய்க்குள் எவ்வாறு அமைப்பது? பல பற்களை ஒன்றாகக் கட்டி வலுவாக்குவதா, தலையில் பட்டை அணிவித்து வெளியிலிருந்து இழுப்பதா, தாடை எலும்பில் சிறு திருகாணியைப் பொருத்துவதா? இதனை நோயாளிக்கு நோயாளி கணக்கிட்டு முடிவு செய்யவேண்டும். இதற்கு நங்கூரப் பிடிப்பு என்று பெயர் சொல்லலாம். சில நாள் வகுப்பில் எனக்குக் கம்பியைக் காட்டினார்கள், நங்கூரத்தைக் காட்டவில்லை.

வலுவாக இழுத்ததில் என்ன பிழை என்றும் நேயர்கள் கேட்கலாம். பல் எலும்பில் அடித்த ஆணி அன்று. வேருக்கும் எலும்புக்கும் இடையே மெல்லிய நார்ச்சவ்வு ஒன்று உள்ளது. சுவீடன் நாட்டுச் சாண்ட்ஸ்டெட் என்பவர் 1904-ஆம் ஆண்டில் நாய்களின் பற்களை நகர்த்தி ஆராய்ந்து, அழுத்தம் விழும் பக்கத்தில் எலும்பு கரைவதையும் இழுபடும் பக்கத்தில் புது எலும்பு வளர்வதையும் காட்டினார். ஆகவே பல்லை நகர்த்துவது கம்பி அன்று. உடம்பே தன் எலும்பைக் கரைத்தும் கட்டியும் பல்லுக்கு வழிவிடுகிறது. அழுத்தம் மிகுந்தால் சவ்வின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் நசுங்கிவிடும். 1932-இல் ஷ்வார்ஸ் என்பவர், சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 20 முதல் 26 கிராம் அளவே தக்கது என்று கணித்தார். அதற்கு மேல் இழுத்தால் பல் விரைந்து நகராது. தயங்கி நிற்கும், வேரும் கரையலாம். மாதத்திற்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் என்பதே இயற்கை நமக்கு அளித்திருக்கும் வேகம். அவசரப்பட்டவன் பின்தங்குவான் என்பது இங்கே உண்மையாகிறது.

இவ்வளவும் தெரிந்த பின், மருத்துவ மனையை மூடிவிட்டு மேற்படிப்புக்குச் செல்வதா என்று தயங்கினேன். மூன்று ஆண்டுகள் வருமானம் நின்றுபோகும். என் தயக்கத்தைத் தெளிவித்தவர் அச்சிறுமியின் பாட்டனாரே. நான் நடந்ததை மறைக்காமல் அவரிடம் கூறி மன்னிப்புக் கேட்டபோது அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "டாக்டர் ஐயா, பட்டைத் தொட்டியிலேருந்து தோல எந்த நாள் எடுக்கணும்னு கையால தொட்டுச் சொல்றதுக்கே எனக்கு மூணு வருஷம் ஆச்சு. அதுக்குள்ள நான் கெடுத்த தோலுக்கு எங்க மேஸ்திரி கணக்கு வெச்சிருந்தாரு. தோலு போனா வேற தோலு வரும். எங்க புள்ளைக்கு வேற பல்லு வருமா? போய்ப் படிச்சிட்டு வாங்க" என்றார். அவர் கோபித்திருந்தால்கூட என் மனம் அவ்வளவு வருந்தியிருக்காது.

இத்துறையின் வரலாற்றைப் படித்தபோது என்னைப் போலவே தவறிய பெரியவர்கள் இருந்ததை அறிந்தேன். அமெரிக்காவில் எட்வர்டு ஆங்கிள் என்பவர் 1900-ஆம் ஆண்டில் செயிண்ட் லூயி நகரத்தில் இத்துறைக்கென்றே ஒரு தனிப்பள்ளி தொடங்கினார். பல் வைத்தியத்தில் தனித்துறைக் கல்விக்கு அதுவே முன்னோடி. தொடக்கத்தில் அப்படிப்பு சில வாரங்களே நடந்தது. 32 பற்களையும் காத்தே வரிசையைத் திருத்தவேண்டும் என்பது ஆங்கிளின் உறுதியான கொள்கை. அவருடைய மாணாக்கராகிய சார்லஸ் ட்வீடு அக்கொள்கைப்படி பல ஆண்டுகள் வேலை செய்து, பல நோயாளிகளின் பற்கள் நிலைத்து நிற்காமையைக் கண்டார். தோல்வியுற்றவர்களைத் திரும்ப அழைத்து, கட்டணம் வாங்காமல், முன்கடைவாய்ப் பற்களை நீக்கி மீண்டும் சிகிச்சை செய்தார். 1940-இல் அத்தகைய 100 நோயாளிகளின் சான்றுகளைத் தம் தொழிலினர் முன் வைத்தார். ஆங்கிளிடமே பயின்ற ஆஸ்திரேலியராகிய ரேமண்டு பெக் என்பவரும் தனி வழியில் அதே முடிவுக்கு வந்தார். அவர் வகுத்த முறை நம் நாட்டுக் கல்லூரிகளிலும் நெடுங்காலம் பயிற்றுவிக்கப்பட்டது. சில வாரப் படிப்பு ஆண்டுக்கணக்கான படிப்பாக வளர்ந்ததற்கு இத்தகைய தோல்விகளே காரணம் என்று நான் கருதுகிறேன்.

நம் நாட்டில் டாக்டர் ரஃபியுதீன் அகமது 1920-இல் கல்கத்தாவில் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தோற்றுவித்தார். 1948-இல் பல் மருத்துவர் சட்டம் நிறைவேறியது. 1953-இல் சென்னை மருத்துவக் கல்லூரியைச் சார்ந்து பல் மருத்துவப் பிரிவு தொடங்கியது. 1965-இல் இத்துறை வல்லுநர்கள் ஒன்றுகூடி இந்தியப் பல்சீரமைப்பியல் சங்கத்தை நிறுவினார்கள். பழைய சட்டத்துக்கு மாற்றாக 2023-இல் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது. இன்று ஐந்தாண்டுப் பட்டப் படிப்பை முடித்து, அகில இந்திய நுழைவுத் தேர்வில் தேறியவர்கள், எம்.டி.எஸ். என்னும் மேற்படிப்பில் மூன்று ஆண்டுகள் முழு நேரமும் பயிலுகிறார்கள்.

அந்த மூன்று ஆண்டில் என்ன கற்கிறார்கள்? முதலில் நோயாளியைத் தொடவே விடமாட்டார்கள். கம்பியும் குறடும் கொடுத்து உட்காரவைப்பார்கள். நேர்கம்பியை வில்லாக வளைத்தல், வளையம் அமைத்தல், படிக்கட்டுப்போல் மடித்தல் என்று விரல் காய்ப்புக் காணும் வரை பழகவேண்டும். நான் முதல் வாரம் செய்த கம்பிகளை என் ஆசிரியர் ஒவ்வொன்றாகக் கண்ணாடிப் பலகையில் வைத்துப் பார்ப்பார். ஒரு முனை பலகையைத் தொடாமல் தூக்கி நின்றால் குப்பைக் கூடைக்குப் போகும். அடுத்து, மெழுகில் உலோகப் பற்களைக் கோணல்மாணலாகப் பதித்து அவற்றுக்குக் கம்பி பூட்டுவோம். அதனை வெந்நீரில் அமிழ்த்தினால் மெழுகு இளகிப் பற்கள் மெல்ல நகரும். நோயாளியின் வாயில் இரண்டு ஆண்டில் நடப்பது அங்கே சில நாளில் கண்முன் நடக்கும். நான் ஆம்பூரில் செய்த அதே தவறை அந்த மெழுகில் மீண்டும் செய்து பார்த்தேன். கடைவாய்ப் பற்கள் முன்னே நகர்ந்து வருவதைக் கண்கூடாகக் கண்டேன். மெழுகை மறுபடியும் உருக்கி வார்க்கலாம் என்பதே வேறுபாடு.

பிறகு, 1931-இல் அமெரிக்கராகிய பிராட்பெண்டு வகுத்த முறைப்படி, தலையை ஒரு சட்டத்தில் நிலைநிறுத்தி எடுத்த எக்ஸ்ரே படத்தின்மேல் தாள் வைத்துக் கோடு வரைந்து, கோணங்களை அளந்து, குறை பல்லிலா தாடையிலா என்று அறியக் கற்றோம். பல்லில் குறை என்றால் கம்பி போதும். தாடையில் குறை என்றால், வளரும் பருவத்தில் வளர்ச்சியைத் திருத்திவிடலாம்; வளர்ச்சி நின்ற பின் அறுவை தேவைப்படலாம். ஐந்தில் வளைக்க வேண்டியது எது, ஐம்பதிலும் வளைவது எது என்பது இங்கேதான் தெளிவாகிறது. உதடும் அண்ணமும் பிளந்து பிறக்கும் குழந்தைகளுக்கு, அறுவை மருத்துவரோடு சேர்ந்து பிறந்தது முதல் இளமை வரை தொடர்ந்து சிகிச்சை செய்யும் பொறுப்பும் இத்துறைக்கு உண்டு.

ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றும் எழுதவேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலும் எங்கள் பகுதியின் சில ஊர்களிலும் நிலத்தடி நீரில் பாறையிலிருந்து கரையும் ஃபுளோரைடு உப்பு மிகுதி. தோல் கழிவினால் பாலாறு கெட்டதைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28-ஆம் நாள் புகழ்பெற்ற தீர்ப்பு ஒன்றை வழங்கியது. ஆனால் நான் சொல்லும் கேடு அதனின்றும் வேறானது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்ட நீரைக் குழந்தைப் பருவத்தில் நெடுநாள் பருகியவர்களின் பல்லில் வெண்புள்ளியும் பழுப்புக் கறையும் தோன்றும். அமிலத்தால் பல்லின் மேற்பரப்பைச் சற்றே அரித்து அதன்மேல் ஒட்டும் முறையை 1955-இல் பியூனோகோர் கண்டார். கறைபடிந்த பல்லோ அந்த அமிலத்துக்கு எளிதில் இடம் கொடாது. ஒட்டிய பொட்டு அடிக்கடி கழன்று விழும். நான் முன்பு, பிரியாணி எலும்பைக் கடித்ததனால் கழன்றது என்று எத்தனையோ ஆம்பூர்ப் பிள்ளைகளைக் கடிந்திருக்கிறேன்! பிழை எலும்பில் மட்டும் இல்லை, குடித்த தண்ணீரிலும் இருந்தது என்று படித்த பின்னரே அறிந்தேன்.

வேலூர் மக்களுக்குத் தனித்துறை மருத்துவம் புதியதன்று. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-இல் மூளை அறுவைக்கென்று இந்தியாவின் முதல் தனித்துறையை அமைத்தார். மூளையில் கட்டி என்றால் தெருமுனை வைத்தியரிடம் யாரும் செல்லமாட்டார்கள். ஆனால் வளரும் குழந்தையின் தாடையில் இரண்டு ஆண்டுக் காலம் விசையேற்றும் வேலைக்கு, விலை குறைவாகச் சொல்பவர் யார் என்று மட்டுமே விசாரிக்கிறார்கள். கம்பி கட்டப் போகிறவரிடம், "இத்துறையில் மேற்படிப்புப் படித்தவரா?" என்று கேட்க நேயர்கள் கூச வேண்டுவதில்லை. படித்த வைத்தியர் அக்கேள்வியால் வருந்தமாட்டார். குழந்தைக்கு ஏழு வயது ஆகும்போதே ஒருமுறை காட்டிவிடுவது நலம். அப்போதே கம்பி கட்டவேண்டும் என்பதன்று. கட்டவேண்டிய காலத்தை அறிந்துகொள்ளலாம்.

மறுபுறத்தையும் நான் சொல்லியாகவேண்டும். படித்தவர்கள் பெரும்பாலும் பெருநகரங்களிலேயே தங்கிவிடுகிறார்கள். ஆம்பூரிலிருந்து அரசு பல் மருத்துவக் கல்லூரியை நாடவேண்டுமானால் சென்னைக்கு இரயிலேற வேண்டும். மாதம் ஒரு முறை வீதம் இரண்டு ஆண்டுகள் என்றால், ஷூ கம்பெனியில் வேலை செய்யும் தாய்க்கு 24 நாள் கூலி போய்விடும். அவள் அருகிலிருக்கும் அரைகுறைப் பயிற்சியை நாடினால் குறை அவளுடையது மட்டும் ஆகுமா? 2019-இல் திருப்பத்தூரும் இராணிப்பேட்டையும் தனி மாவட்டங்களாயின. அம்மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலேனும் இத்துறை வல்லுநர் ஒருவருக்கு இடம் இருக்கவேண்டும். கல்லூரிகள் தம் மேற்படிப்பு மாணாக்கரை ஆசிரியரோடு மாதம் ஒரு நாள் இவ்வூர்களுக்கு அனுப்பினால், மாணாக்கருக்கு நோயாளி கிடைப்பார். நோயாளிக்குக் கூலி மிஞ்சும்.

அச்சிறுமியைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். நான் படித்த மூன்று ஆண்டுகளில் அவளுடைய பற்களை என் ஆசிரியர் மேற்பார்வையில், மிக மெல்லிய விசை கொண்டு, திருத்தி முடித்தோம். இரயில் செலவை நான் ஏற்றுக்கொண்டேன். கம்பியை அகற்றிய பின் பற்கள் பழைய இடத்துக்குத் திரும்பாமல் இருக்க ஒரு பிடிப்பான் கொடுத்து, இரவில் விடாமல் அணியவேண்டும் என்றேன். அவள் தாய் சிரித்து, "அச்சுல ஏத்தின தோலு ஆறுறதுக்கு முன்னாடி கழட்டினா சுருங்கிப் போயிடும் சார், எங்களுக்குத் தெரியாதா?" என்றாள். அப்பெண் இன்று ஓர் ஆசிரியை. கையால் வாயை மறைக்காமல் பாடம் சொல்லுகிறாள். முன்பற்களின் வேர் குறுகியது குறுகியதுதான். ஆண்டுக்கு ஒருமுறை படம் எடுத்துப் பார்த்து வருகிறேன். இதுவரை அவை அசையவில்லை. சுவரில் மாட்டியிருந்த அந்தச் சான்றிதழை நான் எறிந்துவிடவில்லை. என் மேசை இழுப்பறையில் அச்சிறுமியின் முதல் எக்ஸ்ரே படத்தோடு சேர்த்து வைத்திருக்கிறேன். என்னிடம் பயில வரும் இளைஞர்களுக்கு முதல் நாள் அவ்விரண்டையும் எடுத்துக் காட்டிய பின்னரே கம்பியையும் குறடையும் கையில் கொடுக்கிறேன்.